புல்லுக்கட்டும் புல்லட்டும்

முதன்முறையாக வண்டியை மாற்றிக் கட்ட நினைக்கிறவர்களுக்கு, தஞ்சைச் சீமையிலிருந்து

விடிந்தும் விடியாத நேரத்தில் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? முன்னால் ஒரு பெரிய புல்லுக்கட்டு தானாக நகர்ந்துபோகும். அதை முந்தும்போதுதான் நடுவே முண்டாசு கட்டிய ஒரு தலையும், அடியில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் இருப்பது தெரியும். அந்த வண்டியை ஒருநாள் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். பின் சீட்டு இருக்காது, அங்கே ஒரு பலகை. பலகையைத் தாங்க, பட்டறையில் வளைத்து வெல்டு வைத்த ஆங்கிள் கம்பி. இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டக் கொக்கி. தூக்குச்சட்டி தொங்க ஹேண்டிலில் ஒரு கம்பி வளைவு. மொத்தத்தையும் இறுக்கிக் கட்டப் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் அறுத்த நாடா.

இதை யாரும் ‘ஆல்டர் வண்டி’ என்று சொல்வதில்லை. அதே சாலையில் டீக்கடை ஓரம் நிற்கும் புல்லட்டுக்கு அந்தப் பெயர் உடனே கிடைத்துவிடுகிறது. கறுப்புப் பெயின்ட், குட்டை மட்கார்டு, நூல்கண்டு போலச் சுற்றிய சைலன்சர், அதற்குச் சொந்தக்காரனான ஒரு கல்லூரி மாணவன். அவன் செலவழித்த பணத்தில் இரண்டு பழைய எக்ஸ்.எல். வாங்கலாம்.

இருவரும் செய்திருப்பது ஒரே காரியம். கம்பெனி கொடுத்த வண்டி தனக்குப் போதவில்லை என்று அதைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டது. ஆனால் முதன்முறையாகத் தன் வண்டியில் கைவைக்கப் போகிறவர் யாரிடம் பாடம் கேட்க வேண்டும் என்றால், நான் முதலில் புல்லுக்கட்டுக்காரரைத்தான் கைகாட்டுவேன். அவர் ஸ்பேனரைத் தொடும் முன்பே ஒரு கேள்விக்கு விடை வைத்திருந்தார்: இந்த வண்டியில் நான் எதை, எங்கே, எந்த வழியாகக் கொண்டுபோகப் போகிறேன்?

பம்புசெட் எஞ்சின் ஏறிய புல்லட்

ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது 1980-ல். இருவர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் என்பதுதான் அதன் பெருமை. டெல்டா விவசாயி முதலில் செய்தது அந்த இரண்டாவது ஆளின் இடத்தைப் பிடுங்கி மூட்டைக்குக் கொடுத்தது. ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே பள்ளமாக இருக்கும் அந்த உடம்பு, யூரியா மூட்டைக்கென்றே அளவெடுத்ததுபோல அமைந்துவிட்டது. காலைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதால் வேட்டி கட்டியவருக்கும் சேலை கட்டியவருக்கும் தோது. எடை குறைவு, வரப்பில் சாய்ந்தால் ஒற்றை ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். பிறகு வந்த எக்ஸ்.எல். வகைகளும் அந்த உருவத்தை விடவில்லை.

புல்லட்டின் கதை வேறு. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி எழுபதுகளின் தொடக்கத்துக்குள் கடையைக் கட்டிவிட்டது, பிள்ளை மட்டும் மதராஸில் அதே இரும்பு எஞ்சினைப் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தது. கஸ்டம் வேலைக்காரர்களுக்கு அது வரமாகிப் போனது. அப்பா காலத்து வண்டியின் மட்கார்டு மகன் காலத்து வண்டிக்குப் பொருந்தும். கெட்டியான ஃபிரேம், வெளியே தெரியும் போல்ட்டுகள், கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம். இந்தியாவில் பேர்பெற்ற கஸ்டம் பட்டறைகளில் பல புல்லட்டில் கை பழகியவைதான். ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸும் மும்பையின் வர்தென்சியும் எல்லோரும் சொல்லும் பெயர்கள்.

அந்தப் புல்லட்டிலேயே நெல் பூமிக்கு நெருக்கமான ஓர் அவதாரம் உண்டு, டீசல் புல்லட். வயலுக்கு நீர் இறைக்கும் பம்புசெட்டுகளில் ஓடிய லொம்பார்டினி வகை டீசல் எஞ்சினைப் பட்டறைக்காரர்கள் புல்லட் ஃபிரேமில் ஏற்றினார்கள். பிறகு கம்பெனியே 325 சிசி, ஆறரைக் குதிரைத்திறனில் ‘டாரஸ்’ என்ற பெயரில் அதை விற்றது. மெதுவாகத்தான் போகும், நடுக்கத்தில் பல் கிட்டிக்கும். ஆனால் பெட்ரோல் விலையைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு அது தெய்வம்.

குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி இதைத் திருப்பிப் போட்டார். 1994 வாக்கில், மழையில்லாமல் உழவு மாடுகளுக்குத் தீனி போட முடியாத காலத்தில், புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரமும் கலப்பை பூட்டும் சட்டமும் வைத்தார். ‘புல்லட் சாந்தி’ என்று பெயர். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. வண்டியை ஏராக்கியவர் அவர், நீர் இறைத்ததை வண்டியாக்கியவர்கள் மற்றவர்கள். இரண்டிலும் அழகு யார் நினைவிலும் இருந்திருக்காது, அது தானாக வந்து சேர்ந்தது.

கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்தாலும் இதேதான். ‘கஃபே ரேசர்’ என்று இன்று படத்தில் பார்த்து ஏங்குகிறோமே, அது ஐம்பது அறுபதுகளில் லண்டன் ஏஸ் கஃபே மாதிரியான சாலையோரக் கடைகளுக்கு முன்னால் பந்தயம் கட்டிய பையன்களின் கண்டுபிடிப்பு. எடை குறைய வேண்டும், காற்று தடுக்கக் கூடாது, அதனால் தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை ஆள் சீட்டு. சேற்றிலும் ஓடையிலும் ஓட்டியவர்கள் சைலன்சரை உயரத் தூக்கிக் கட்டியதில் பிறந்தது ‘ஸ்க்ராம்ப்ளர்’. அந்தந்த ஊர்ச் சாலை கேட்ட கேள்விக்கு அந்தந்த ஊர்ப் பையன்கள் சொன்ன பதில்கள் இவை. தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. அங்கே கஃபே ரேசர் ஹேண்டிலைப் பிடித்து முதுகை வளைத்துக்கொண்டு போனால், நாகூர் போய்ச் சேரும்போது வேண்டுதல் இடுப்புக்காக மாறியிருக்கும்.

நான் பட்ட பாடு

இவ்வளவு பேசுகிற நான் முதலில் செய்தது அசல் முட்டாள்தனம். என் முதல் வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100, கைமாறிக் கைமாறி வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், உடம்பு லேசு. 1985-லிருந்து 1996 வரைதான் இந்தியாவில் செய்தார்கள் என்றாலும் இன்றைக்கும் அதன் சத்தத்தைக் கேட்டுத் திரும்பாத நாற்பது வயதுக்காரர் இருக்க முடியாது. எனக்கு அந்தச் சத்தமும் போதவில்லை. சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிளை உருவி எறிந்தேன். காற்று நிறைய போனால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஏர் ஃபில்டரையும் கழற்றினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் காத்துக் கிடந்து, கேட்டு திறந்ததும் வீராப்பாக முறுக்கிக்கொண்டு போனவன், சில கிலோமீட்டரில் பின்சக்கரம் இறுகிப்போய் ஓரமாக நின்றேன். பிஸ்டன் சீஸ்.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. கார்புரேட்டர், ஃபில்டர் வழியாக வரும் காற்றின் அளவுக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் கொடுக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டால் காற்று மட்டும் கூடி, பெட்ரோல் பற்றாமல் போகும். அந்த மெலிந்த கலவை அதிகச் சூட்டோடு எரியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயவு, சூடு ஏறினால் அந்தப் படலம் தாங்காது. சைலன்சரிலும் விஷயம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் என்று நினைத்திருந்தேன். வெளியே போகும் புகை அதன் வயிற்றில் மோதி ஓர் அழுத்த அலையாகத் திரும்பி வரும். எரியாத கலவை வெளியே ஓடிவிடாமல் சிலிண்டருக்குள் தள்ளிப் பிடிப்பது அந்த அலைதான். உள்ளே இருப்பதை உருவினால் சத்தம் கூடும், இழுவை குறையும். வேகம் கூடியதாகத் தோன்றுவது காது செய்யும் வேலை.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எஞ்சினையும் சைலன்சரையும் விட்டுவிடுங்கள். முதல் வண்டியில் மட்டுமாவது.

முதலில் படிக்க வேண்டிய புத்தகம்

ஆர்.சி. புத்தகத்தைத்தான் சொல்கிறேன். பழைய வண்டி வாங்கி மாற்றிக் கட்டப் போகிறவர்கள் பெயின்டின் பளபளப்பைப் பார்க்கும் முன் எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். டி.என். 49-ஆனாலும் கும்பகோணத்து 68-ஆனாலும் திருவாரூர் 50-ஆனாலும் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு சோதனைக்குக் கொண்டுபோய் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள், வண்டிமேல் கடன் இருந்தால் அதை நீக்க 35. இந்தக் காகிதம் சரியில்லாத வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் ஆற்றில் போட்டது. நம் ஊரில் ஆறுகளுக்கும் பஞ்சமில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனியுங்கள். சைலன்சர், ஹாரன், நம்பர் பிளேட் என்று மூன்றில் கைவைத்தால் கணக்கும் மூன்று. சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் அபராதம் 10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. நிறம் மாற்றலாம், ஆனால் நிறம் ஆர்.சி.யில் இருக்கிறது, எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். எஞ்சின் மாற்றினால் கட்டாயம் பதிவாக வேண்டும். கடனில் இருக்கும் வண்டியென்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். சீட்டு, கைப்பிடி உறை, பெட்டி, கம்பெனியே விற்கும் துணைப் பாகங்கள் ஆகியவற்றில் பெரிய தொல்லை வராது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. சொல்லாத மாற்றம் விபத்து நடந்த பிறகுதான் அவர்கள் கண்ணில் படும்.

சட்டம் வழிவிடும் மாற்றத்துக்கு ஊர்தோறும் சாட்சி ஓடுகிறது. மாற்றுத் திறனாளிகளுக்காகப் பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள்தான். தமிழக அரசே கொடுக்கிறது. நம் நாட்டில் மிக அதிகமாகப் பயன்படும், மிக மரியாதையான கஸ்டம் வண்டி இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இளைஞர்கள் வண்டி எடுத்த அன்றே கழற்றி எறியும் ஒரு பொருளையும் சொல்லிவிட வேண்டும், சாரி கார்டு. அசிங்கமாக இருக்கிறதாம். மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றையும் கேட்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவின் சேலைத் தலைப்பு ஒருமுறை சக்கரத்துக்குள் போவதைப் பார்த்தவர்கள் அதை அசிங்கம் என்று சொல்ல மாட்டார்கள். அழகாக வேண்டுமென்றால் அதையே அழகாக வளைத்துச் செய்யச் சொல்லுங்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்கிற சீமையில் ஒரு கம்பியை அழகாக வளைக்க ஆளா கிடைக்காது?

புல்லுக்கட்டு எக்ஸ்.எல்.லும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. இருபக்கமும் துருத்தி நிற்கும் இரும்புக் கம்பி, இரவில் எதிரே வருபவன் முழங்காலுக்கு எமன். அதைப் போலீஸ் கண்டுகொள்வதில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

மண்ணைக் கேட்டு மாற்றுங்கள்

சரி, எங்கே தொடங்குவது? ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வண்டியை ஓட்டுங்கள். வலிப்பது எங்கே? முதுகா, மணிக்கட்டா, முழங்காலா? இருட்டில் எது தெரியவில்லை? எதைக் கட்ட இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்? அந்தக் குறிப்புதான் உங்கள் வரைபடம்.

பிறகு, இருப்பதைச் சரிசெய்யுங்கள். பிரேக் கட்டை, கேபிள்கள், செயின், டயர், ஸ்டீயரிங் பால்ரேஸ். இதற்குப் போகும் பணம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் எல்லோரும் பெயின்டில் தொடங்குகிறார்கள். ஆடும் சக்கரத்தின்மேல் அடித்த பெயின்ட் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஜப்பான் வழி வண்டிகளுக்கு 10, 12, 14 நம்பர் ஸ்பேனர்களும், டி-ஸ்பேனரும், நல்ல ஸ்க்ரூ டிரைவரும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் இங்கிலாந்து அளவு மரைகள் கலந்து கிடக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்துத் திருகினால் நட்டின் மூலை மழுங்கும். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பகுதி பகுதியாகப் பழைய டிபன் டப்பாக்களில் போட்டு மூடியில் எழுதிவையுங்கள். வேலை முடிந்த பின் இரண்டு போல்ட்டு மிச்சமிருந்தால் அது லாபக் கணக்கு இல்லை.

முதல் மாற்றம் சீட்டாக இருக்கட்டும். செலவு குறைவு, பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம், சட்டத் தொல்லையும் இல்லை. சீட்டு தைக்கும் கடைக்குப் படத்தோடு போகாதீர்கள், வண்டியோடு போய் உட்கார்ந்து காட்டுங்கள். அழகுக்காகப் பஞ்சை மெலித்தால் மன்னார்குடி போய்த் திரும்புவதற்குள் இரும்புத் தகடு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

ஹேண்டில் மாற்றுவது அடுத்தது. இங்கே ஒரு சோதனை அவசியம். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் தானாக வேகம் எடுத்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம் போதவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் வெளியே எடுத்தால் கும்பகோணத்துச் சந்தில் திரும்பும்போது வண்டி உங்களைக் கேட்காமலே பாயும். விரலுக்கும் டேங்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயின்ட் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டேங்கில் பெட்ரோலை வடித்து, ஆவி போகக் காயவிட்ட பிறகே டிங்கரிங்குக்குக் கொடுங்கள். ஆவி நிற்கும் டேங்கில் நெருப்புக் காட்டுவது வெடி வைப்பதற்குச் சமம். பட்டி பார்ப்பதிலும் உப்புத்தாள் தேய்ப்பதிலும்தான் வேலை, கடைசி நிறம் ஒருமணி நேர விஷயம்.

டெல்டாவுக்கென்று சில பாடங்கள் உண்டு, அவற்றை எந்த வீடியோவும் சொல்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வயலோர மண்பாதையில் போனால் நம் களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அடைந்து, முன்சக்கரத்தையே பூட்டிவிடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்காத ஆள் இங்கே இல்லை. ஆகவே மட்கார்டை டயரோடு ஒட்ட இறக்குவது இந்த ஊருக்கு ஆகாது, சற்றே உயர்த்தலாம். ஆனால் பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டினால் முதுகில் வாய்க்கால் சேறு கோலம் போடும். டயரைத் தடியாக்கும் ஆசைக்கும் இதே பதில்தான். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் டயரின் முகமே வளைந்துபோகும், சேறு வெளியேற இடமும் குறையும்.

சம்பா அறுத்த பிறகு மாசி, பங்குனியில் இன்னொரு சோதனை. உளுந்துச் செடியையும் பயற்றங்கொடியையும் சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளையே போரடிக்க வைப்போம். அந்தக் கொடியும் வைக்கோலும் சக்கர அச்சிலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், சமயத்தில் பற்றியும் எரியும். செயின் கவரைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் செயினைக் காட்டுவது நகரத்து ஸ்டைல். முழுக் கவர் போட்ட பழைய வண்டிகளை வடிவமைத்தவர் நம் ஊர்ச் சாலையைப் பார்த்திருப்பாரோ என்று நினைக்கத் தோன்றும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று. அங்கே குரோம் மோகம் வேண்டாம், பூசிய பெயின்ட்தான் நிற்கும். இரவில் வயலோரம் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்கு ஹெல்மெட் கண்ணாடியை விடச் சிறந்த ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்’ இன்னும் வரவில்லை. விளக்கைக் கூட்டுகிறேன் என்று எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி. பட்டைகளை மாட்டாதீர்கள். ஒயரிங்கில் எதைச் சேர்த்தாலும் ஃபியூஸோடு சேர்த்துப் போடுங்கள், கார்த்திகை மழை ஒட்டுப்போட்ட ஒயரைத் தேடிப்பிடித்து நனைக்கும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் டெல்டாவுக்கென்று ஒரு வண்டி கண்முன் வரும். சற்று உயர்ந்த முன் மட்கார்டு, நிமிர்ந்த அகல ஹேண்டில், மூடிய செயின், கெட்டியான பின் கேரியர், அழகாக வளைந்த சாரி கார்டு, கம்பெனி சைலன்சர். இங்கிலாந்தில் பிறந்த எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. பெயர் வைக்கும் வேலையைப் பையன்களிடமே விட்டுவிடலாம்.

எல்லாம் முடித்துப் புதுப் பெயின்ட் வாசனையோடு வண்டியை வாசலில் நிறுத்துவீர்கள். அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்து ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். டேங்கைத் தடவ மாட்டார், நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். பின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

“யூரியா மூட்டை தாங்குமாடா?”